எல்லைப்புறத்தில் ஊக்கம்: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் ஐ.டி. சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்போரின் மனவலிமை குறித்த ஒரு தொடக்கநிலை ஆய்வு

இந்தப் பொருளில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடக்கூடும். ஆகவே தேர்ந்த ஆய்வாளர் தேடுவதில்லை. அம்மரபைப் போற்றி இக்கட்டுரையும் அறிவிக்கிறது: பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒரு மனிதப்பிறவி ஐ.டி. சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டிய பிறகு, தேர்வு நாள்வரை எப்படிப் படித்துக்கொண்டே இருக்கிறது என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை.

ஆய்வெல்லை: வடக்கே நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு, தெற்கே இஞ்சிவிளை, கிழக்கே ரப்பர், மேற்கே பொழியூர்க் கடல். கள ஆய்வு ஒரு சாயாக்கடையில் நடைபெற்றது. மாதிரியின் அளவு, பெஞ்சு கொள்ளும் அளவு. எதிர்ப் பெஞ்சையும் சேர்த்திருக்கலாம். ஆனால் அதில் லாட்டரிச் சீட்டு விற்பவர் உட்கார்ந்திருந்தார். 1967 முதல் கேரள அரசே லாட்டரி நடத்துகிறது. 2003இல் தமிழ்நாடு அதைத் தடை செய்துவிட்டது. எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்கிப் போகிறவர்களின் நம்பிக்கை, படித்துத் தேறலாம் என்பவர்களின் நம்பிக்கையைவிட வலுவாக இருந்ததால் தரவு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று அஞ்சி அந்தப் பெஞ்சு விலக்கப்பட்டது.

ஊக்கம் என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டும் என்றார் நெறியாளர். வரையறுத்தால் அளக்க வேண்டிவரும். விட்டுவிட்டோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தேர்வு, இவ்வட்டாரத்து இளைஞர் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் உள்ளே நுழையவோ, நுழைந்தவர் அங்கேயே இருந்துகொள்ளவோ எழுதும் அமேசான் வெப் சர்வீசஸின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். கேள்விகள் 65, நேரம் 130 நிமிடம், 1000க்கு 720 எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் 150 டாலர், வரி தனி. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் முன்கூட்டியே கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். அந்த 65 கேள்விகளில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. பிற்காலத் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் விடப்படுபவை. எந்த 15 என்று சொல்ல மாட்டார்கள். தன் உழைப்பில் எது கணக்கில் வரும் என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சாக உழைக்க வேண்டும் என்பதுதான் கீதையின் சாரம் என்று பஜனைமடத்துப் பெரியவர் ஒருவர் கருத்துரைத்தார் (வாய்மொழி, சுண்டல் வழங்குமுன்).

இனி ஊக்கக் காரணிகள்.

முதற் காரணி, கட்டணம். கட்டியாயிற்று.

இரண்டாம் காரணி, கற்கும் ஆர்வம். தரவு போதவில்லை.

மூன்றாம் காரணி, மாமி. இவர் தேர்வரின் தாய்மாமன் மனைவியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மதில் பொதுவாக இருந்தால் போதும். மாமியின் முதற்கேள்வி: “பரிச்சை எப்பளாக்கும் மக்கா?” (மாமி, வாய்மொழி, மதிலின் மேற்குப் பக்கம், மீன்காரர் வருமுன்.) தேதி சொன்னதும் இரண்டாம் கேள்வி: “இது பி.எஸ்.சி. பரிச்சையாக்கும்?” இல்லை மாமி, இது கம்பெனிப் பரீட்சை. “அப்ப கவர்மெண்டு இல்லியா? பின்ன என்னத்துக்கு மக்கா ராத்திரி முழுக்க லைட்டு எரியுது?” (மேற்படி மாமி, திருத்திய பதிப்பு, மீன்காரர் போன பின்.)

வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். இங்கே பரீட்சை என்றால் கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் நடத்துவது ஒன்றுதான். ரேங்க் லிஸ்ட், அட்வைஸ் மெமோ என்பவை படிக்காதவர் வாயிலும் புழங்கும் சொற்கள். மற்றப் பரீட்சைகள் பொழுதுபோக்கு இனத்தில் சேரும். எனவே ஐ.டி. தேர்வர் இரட்டைச் சுமை சுமக்கிறார்: பாடத்தையும் படிக்க வேண்டும், அது பாடம்தான் என்று மதிலுக்கு அப்பால் நிறுவவும் வேண்டும்.

மாமியின் பங்களிப்பை மேலைநாட்டு அறிஞர்கள் 1908இலேயே உணர்ந்திருந்தனர். யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் அவ்வாண்டு ஜப்பானிய நடன எலிகளைக் கருப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி என்று இரண்டின் முன் நிறுத்தி, தவறான பெட்டிக்குள் போனால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எளிய வேலையில் அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவாகக் கற்றது. கடினமான வேலையில் நடுத்தர அதிர்ச்சிதான் பலித்தது; அளவு மீறினால் எலி தடுமாறியது. இதை நம் ஊருக்குப் பொருத்தினால், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்ற அளவில் மாமியின் கேள்வி நடுத்தர மின்னழுத்தம். கல்யாண வீட்டுப் பந்தியில் பத்துப் பேர் சேர்ந்து கேட்பது அபாய அழுத்தம்.

இம்முடிபை மாமியின் நாத்தனார் ஏற்கவில்லை (கிணற்றடி உரை, வாளி நிரம்பும்வரை). கேட்காமல் இருந்தால்தான் பிள்ளைகள் படிக்கும் என்பது அவர் கட்சி. அதற்கு மாமி தந்த மறுப்பு (அதே கிணறு, அடுத்த வாளி), அம்மறுப்புக்கு நாத்தனார் ஜன்னல் வழியாக வெளியிட்ட எதிர்மறுப்பு (சுருக்கப் பதிப்பு, குழம்பு அடிபிடித்ததால் முற்றுப்பெறவில்லை), இரண்டையும் சமரசப்படுத்த முயன்று இருவராலும் கண்டிக்கப்பட்ட தபால்காரரின் முன்னுரை ஆகியவை இத்துறையில் மூலநூல்களாகக் கொள்ளத்தக்கவை. பிற்கால ஆய்வாளர் பலர் மாமியை நேரில் கேளாமல் தபால்காரர் வழியாகவே மேற்கோள் காட்டுவது வருந்தத்தக்கது. பல்கலைக்கழகங்களில் இதற்கும் புள்ளி உண்டு.

எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1885இல் அவர் மறதியை அளந்தார். ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்குட்பட்ட ஆளும் அவரே, நிதி மிச்சம். பொருளே இல்லாத அசைகளை உருவாக்கி அவற்றை மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று குறித்தார். இன்றைய தேர்வருக்கு அந்த அசைகளை உருவாக்கும் சிரமம் இல்லை. ஈசி டூ, ஈபிஎஸ், ஈஎஃப்எஸ், ஈகேஎஸ், ஈசிஎஸ், எஸ்க்யூஎஸ், எஸ்என்எஸ் என்று கம்பெனியே தந்துவிடுகிறது.

டெசி என்பவர் 1971இல், புதிர் விடுவிப்பதற்குக் காசு கொடுத்துப் பழக்கிய மாணவர்கள் காசை நிறுத்தியதும் ஆர்வம் குறைந்துபோனதைக் கண்டார். தேறினால் போன் வாங்கித் தருவதாகச் சொன்ன சித்தப்பா டெசியின் கட்டுரையை வாசித்திருக்கிறார் என்றே கருத வேண்டும். எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று இன்றுவரை அவர் வாங்கித் தரவில்லை.

நான்காம் காரணி, விடியற்காலை. ராத்திரி படித்தால் தங்காது, விடியற்காலை படித்தால் தங்கும் என்பது பொது நம்பிக்கை. இதில் ஒரு வட்டாரச் சிக்கல் உண்டு. குளிர்ந்த நேரத்தில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும் என்பதால் பால்வெட்டுகிறவர் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். அலாரம் வைத்து எழுந்து, கொட்டாவி விட்டு, ‘படிப்பில் மனம் தளராமல் இருக்கப் பத்து வழிகள்’ வீடியோவைத் திறக்கும் தேர்வர், ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கு மரத்துக்கு மரம் நகர்வதைக் காண்கிறார். அந்த விளக்குக்காரர் எந்த வீடியோவும் பார்த்ததாகத் தெரியவில்லை. கேட்டோம். “மழை வந்தா வெட்ட முடியாது. வராத அன்னிக்கு வெட்டணும்” என்றார். ஊக்கம் குறித்து இவ்வாய்வில் கிடைத்த ஒரே தெளிவான கூற்று இதுதான். கலைச்சொல் எதுவும் இல்லாததால் இதைச் சான்றாகக் கொள்ள இயலவில்லை.

வரலாற்றுப் பின்புலம் இன்றி எந்த ஆய்வும் நிறைவுறாது. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், எல்லைக்கு அந்தப் பக்கம் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எடுத்து ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் தங்கிப் படிக்கும் இடம். 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, அங்கே இடம். ஒழுங்குமுறை, காந்தளூர்ச் சாலையைப் பார்த்து வகுத்தது. இவற்றைச் சொல்லும் ஹுசூர் ஆபீஸ் செப்பேட்டைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் கோபிநாத ராவ் பதிப்பித்தார். அந்தத் தொண்ணூற்றைந்து பேரும் எப்படி ஊக்கம் குன்றாமல் படித்தார்கள் என்று செப்பேடு சொல்லவில்லை. சோறு போட்டார்கள், அது போதாதா என்கிறது சாயாக்கடைப் பெஞ்சு.

அந்தக் காந்தளூர்ச் சாலையில்தான் ராஜராஜ சோழன் ‘கலமறுத்தான்’. கலம் என்றது கப்பலையா, சோற்றுக் கலத்தையா என்று அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக மோதிவருகிறார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைகூடக் காந்தளூர்ச் சாலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். நம் கருத்து இது: கப்பலாக இருந்தால் அந்நிகழ்ச்சிக்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லாமல் போய்விடும். சோற்றுக் கலமாக இருந்தால், மாணவரின் ஊக்கத்தைச் சோறு குறைத்து அளந்த உலகின் முதல் பரிசோதனையாக அது அமையும். எனவே சோற்றுக் கலமே என்று நிறுவப்படுகிறது. இதைவிட மெலிந்த காரணங்களால் நிறுவப்பட்டவை நம் நூலகங்களில் அட்டை போட்டுக் கிடக்கின்றன. பாறசாலை என்ற பெயரிலுள்ள சாலை அந்தச் சாலைதான் என்று காட்ட முப்பது பக்கம் எழுதியிருந்தோம்; பத்திரிகை ஆசிரியர் இடமில்லை என்றுவிட்டார்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலை.

நெட்வொர்க் தொடர்பான எந்தச் சான்றிதழுக்குப் படித்தாலும் ஓ.எஸ்.ஐ. மாதிரி என்ற ஏழடுக்கை மனப்பாடம் செய்தாக வேண்டும். 1984இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு வெளியிட்டது. கீழிருந்து மேலாக ஃபிசிகல், டேட்டா லிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன். ஊக்கம் முதலில் முறிவது இந்தப் பக்கத்தில்தான். வெள்ளைக்காரர் இதை ஞாபகம் வைக்கப் பீட்சாவை வைத்து ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை என்று இவ்வாய்வு கண்டறிந்துள்ளது. நாகர்கோவிலிலிருந்து வரும் பாசஞ்சர் ரயில் கேரளத்துக்குள் நுழைந்து நிற்கும் நிலையங்களை எண்ணிப் பாருங்கள். பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், திருவனந்தபுரம் சென்ட்ரல். ஏழு. வரைபடத்தில் தெற்கிலிருந்து வடக்கே போவதும் கீழிருந்து மேலே போவதும் ஒன்றே.

முதலடுக்கு பாறசாலை. ஃபிசிகல். கம்பி, மின்துடிப்பு, உடல். இங்கே அறிவுக்கு வேலையில்லை. குழித்துறையிலேயே நிரம்பிவிட்ட பெட்டிக்குள் உடலைச் செருகினால் போதும். இரண்டாம் அடுக்கு தனுவச்சபுரம். டேட்டா லிங்க் அடுக்கு ஒரு முனையிலிருந்து அடுத்த முனைவரைதான் பொறுப்பேற்கும். அதற்கப்பால் என்ன ஆகிறது என்று கவலைப்படாது. கல்லூரியும் ஐ.டி.ஐ.யும் உள்ள ஊர்; மாணவர்கள் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்குவார்கள். பொருத்தத்தை வாசகர் உணர்வர்.

அமரவிளை, நெட்வொர்க். எந்தப் பொட்டலம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முகவரி பார்த்து அனுப்புவது இந்த அடுக்கின் தொழில். அமரவிளையில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் மூடினார்கள். ரௌட்டரை எடுத்துவிட்டால் அடுக்கு நிற்குமா என்ற ஐயம் நியாயமானதே. எக்சைஸ்காரர்கள் இருக்கிறார்கள், நிற்கும்.

நெய்யாற்றின்கரை, டிரான்ஸ்போர்ட். கே.எஸ்.ஆர்.டி.சி. டிப்போ இருக்கும் ஊரில் இதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? ஆனால் ஒரு நுட்பம் உண்டு. இவ்வடுக்கில் டி.சி.பி., யு.டி.பி. என்று இரு முறைகள். டி.சி.பி. அனுப்பியதும் கிடைத்ததா, கிடைத்ததா என்று கேட்டு, பதில் வரவில்லையென்றால் மறுபடி அனுப்பும். யு.டி.பி. வீசிவிட்டுப் போய்விடும், சேர்ந்ததா சேரவில்லையா என்று திரும்பிப் பார்க்காது. மாமி டி.சி.பி. சித்தப்பா யு.டி.பி. இந்த ஒரு வாக்கியத்தால் தேர்வில் ஒரு மதிப்பெண் உறுதி என்பதை எந்த மேடையிலும் சொல்லத் தயார்.

பாலராமபுரம், செஷன். இங்கேதான் ஏழடுக்கின் அழகு. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில், 1798க்கும் 1810க்கும் இடையே, தமிழ்நாட்டுச் சாலியர்கள் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். குழித்தறியில் நூல் அறுந்தால் நெசவாளி முழுத்துணியையும் பிரித்து முதலிலிருந்து தொடங்குவதில்லை. அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு மேலே போகிறார். உரையாடல் துண்டிக்கப்பட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர வழிசெய்வதுதான் செஷன் அடுக்கின் கடமை. ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் படிப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் முதல் அத்தியாயத்தையே எடுத்து அடிக்கோடிடும் தேர்வர், அந்தத் தறியின் பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்து வரலாம்.

நேமம், பிரசன்டேஷன். உள்ளிருப்பதை மாற்றாமல் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றித் தருவது. 2024இல் இந்த ஸ்டேஷனுக்குத் திருவனந்தபுரம் சவுத் என்று பெயர் சூட்ட முடிவு செய்தார்கள். அதே பிளாட்பாரம், அதே மரநிழல்.

ஏழாவது, திருவனந்தபுரம் சென்ட்ரல். அப்ளிகேஷன். செக்ரட்டேரியட் இருக்கும் ஊருக்கு மனிதர்கள் கையில் எதைக் கொண்டு போகிறார்கள் என்று பார்த்தவருக்கு ஐயம் எழாது.

எதிர்ப்புகள் இல்லாமலில்லை. குழித்துறையையும் சேர்க்க வேண்டும் என்போர் உண்டு (ரயில் ஜன்னல் வாதம், இரண்டாம் பெட்டி, நின்றுகொண்டு). நெட்வொர்க்குக்காரர்கள் வேடிக்கையாக எட்டாம் அடுக்கு என்று ஒன்றைச் சொல்வது உண்மைதான். பயன்படுத்தும் மனிதனே அது. ஆனால் 1956 நவம்பர் 1இல் குழித்துறை அடங்கிய விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதனால்தான் கேரளப் பகுதியில் சரியாக ஏழு நிலையங்கள் எஞ்சின. மாநிலச் சீரமைப்பு ஆணையம் ஓ.எஸ்.ஐ. மாதிரியை முன்கூட்டியே அறிந்திருந்தது என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைக்கும்வரை இதுவே நிற்கும். குழித்துறை மேற்கு என்ற ஸ்டேஷனை என்ன செய்வது என்பது தனி ஆய்வுக்குரியது, நிதி வேண்டும்.

உண்மையில் இணையம் ஓடுவது டி.சி.பி./ஐ.பி. மேல். ஓ.எஸ்.ஐ. ஏழடுக்கு முழு உயிரோடு இருப்பது பாடப்புத்தகத்திலும் தேர்வுத்தாளிலும்தான். உலகம் வேறு வழியில் போன பிறகும் பாடத்திட்டத்தில் அமர்ந்திருப்பது அறிஞர்களுக்குப் பழகிய வெற்றி.

எல்லைவாசிக்கு இயல்பாகவே கைவந்த பாடம் ஒன்றும் உண்டு. அமேசான் தேர்வு திரும்பத் திரும்பக் கேட்பது: ஒரு மண்டலம் விழுந்தால் இன்னொன்றில் வேலை தொடர வேண்டும். மற்ற ஊர்க்காரர் இதற்குப் படம் போட்டுப் படிக்கிறார்கள். இங்கே கேரளத்தில் ஹர்த்தால் என்றால் களியக்காவிளைப் பக்கம் போய்ச் சாயா குடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பந்த் என்றால் அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வருகிறார்கள். மின்சாரம் இரண்டு வாரியம், செல்போன் இரண்டு வட்டம், பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்தில், எடுத்த வீடு மறு மாநிலத்தில். கொரோனாக் காலத்தில் இ-பாஸ் கேட்டு மறித்தபோது ஃபயர்வால் பாடமும் செய்முறையாக முடிந்தது. பாறசாலையில் நடக்கும் கருத்தரங்குக்குக் களியக்காவிளையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தாலே அது பன்மாநிலக் கருத்தரங்கு ஆகிவிடும் என்பதையும் கல்லூரிகள் கவனிக்கலாம்.

தேர்வு நாள். வீட்டிலிருந்தே எழுதுவதானால் அறையை நான்கு புறமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். மேசை காலியாக இருக்க வேண்டும். தாள் கூடாது. வாய்விட்டுப் படிக்கக் கூடாது. யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் தேர்வு ரத்தாகலாம். கதவைச் சாத்தினால் உடனே யாராவது தட்டிப் பார்க்கும் ஒரு வட்டாரத்தில் இந்நிபந்தனைகளை நிறைவேற்றிய இடம் வரலாற்றில் ஒன்றுதான் என்று இவ்வாய்வு காண்கிறது: நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவு. எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்திவந்தபோது மார்த்தாண்டவர்மா இந்தப் பலாமரத்துப் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். ஒரே ஆள். நான்கு புறமும் சுவர். மேசையில் எதுவுமில்லை; மேசையே இல்லை. தேர்ச்சியும் பெற்றார்: 1729இல் அரியணை. இருப்பினும் “உள்ளே போய் ஒளிஞ்சுக்கோ” என்று ஒரு சிறுவன் வெளியிலிருந்து குரல் கொடுத்ததாகக் கதை சொல்கிறது. இன்றைய கண்காணிப்பாளர் அதைப் பிறர் உதவி என்று குறித்து அங்கேயே நிறுத்தியிருப்பார்; திருவிதாங்கூர் வரலாறு வேறாகியிருக்கும்.

கள ஆய்வில் தேறியவர் ஒருவர் கிடைத்தார். சான்றிதழ் கணினியில் வந்தது. சுவரில் மாட்ட முடியாததைச் சான்றிதழ் என்று மதிலுக்கு அப்பால் எப்படிக் காட்டுவது? ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்டெடுத்து லேமினேட் செய்து கொண்டுபோனார். மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். மூன்று ஆண்டுதான் செல்லும் என்று அடியில் தேதி போட்டிருந்தது.

“இதுல எக்ஸ்பயரி டேட்டு போட்டிருக்கே மக்கா. மில்மா பாலுக்குத்தானே இதெல்லாம் போடுவாங்க?” (மாமி, இறுதிப் பதிப்பு, மதிலின் இரு பக்கமும், மீன்காரர் முன்னிலையில்.)